போர் முடிந்த ஊரில் சாஃப்ட்பால் ஆடிய சிறுமிகள்: யார் யாரை மன்னிப்பது?

மைதானம்:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியே, கொஞ்சம் பெரிய பந்தில் சின்ன மைதானத்தில் ஆடுவது) சொல்லிக்கொடுக்கிற உடற்கல்வி ஆசிரியை நான். இந்த ஆட்டத்தின் பழைய கதைகளைத் தேடிப் படிக்கப் போய், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹூட் ரிவர் என்ற ஊரில் வந்து நிற்கிறேன். அங்கிருந்து மனசு நகர மாட்டேன் என்கிறது. வரலாறு தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், கொஞ்சம் பேசலாமா?

கொலம்பியா ஆற்றங்கரை, பின்னால் பனி மூடிய ஹூட் மலை, சுற்றிலும் ஆப்பிள், பேரிக்காய்த் தோட்டங்கள். பல தோட்டங்கள் ஜப்பானியக் குடும்பங்கள் உருவாக்கியவை. 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். அதன்படி மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் 1,20,000 பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். ஹூட் ரிவர் குடும்பங்களை அந்த வருடம் மே மாதம் ரயிலேற்றி, கலிஃபோர்னியாவில் பைன்டேல் என்ற இடத்துக்கும் அப்புறம் டூலி லேக் முகாமுக்கும் கொண்டுபோனார்கள்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பார்க்கிறேன்: அப்போது 5 வயதாக இருந்த ஒரு சிறுமிக்கு 1949-இல் 12 வயது. முள்வேலிக்குள் பந்து பிடிக்கக் கற்றவள், சொந்த ஊருக்குத் திரும்பி வந்து பள்ளி அணியில் நிற்கிறாள். அதே அணியில் பசிபிக் போரில் அப்பாவையோ அண்ணனையோ பறிகொடுத்த இன்னொருத்தியும் நிற்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே சீருடை.

"விளையாட்டு எல்லாரையும் ஒன்றாக்கும்" என்று விளையாட்டு விழா மேடைகளில் நாங்கள் பேசுகிறோம். உண்மையில் அது நடக்குமா? நடந்தால் அதை மன்னிப்பு என்று சொல்லலாமா? யார் யாரை மன்னிக்க வேண்டும்?

கரிசல்காடு:

டீச்சர், நல்ல இடத்தில்தான் வந்து நிற்கிறீர்கள். அந்த ஊர் போர்க்காலத்தில் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்ட ஊர், அதுவும் கெட்ட பெயரால்.

ஹூட் ரிவர் நீதிமன்றச் சுவரில் படையில் சேர்ந்த உள்ளூர் ஆட்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. 1944 நவம்பர் 29 அன்று முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜனின் உள்ளூர்க் கிளை, அதிலிருந்து 16 பெயர்களை அழித்தது. 16 பேரும் ஜப்பானிய வம்சாவளிப் படைவீரர்கள். அமெரிக்கச் சீருடை போட்டு அமெரிக்காவுக்காகப் போரிட்டவர்கள்.

அந்த 16 பேரில் ஒருவர் ஃபிராங்க் ஹச்சியா. பெயர் அழிக்கப்பட்ட சுமார் ஒரு மாதத்தில் பிலிப்பைன்ஸின் லேய்ட்டித் தீவில் குண்டடிபட்டு, 1945 ஜனவரி 3 அன்று இறந்துபோனார். செய்தி பரவி நாடு முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகுதான் பெயர்களைத் திரும்ப எழுதினார்கள். 1948-இல் அவருடைய உடல் ஊருக்கு வந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

அதோடு நிற்கவில்லை. திரும்பி வராதீர்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வந்தது, அடியில் நூற்றுக்கணக்கான ஊர்க்காரர்களின் பெயர்களோடு. கடைகளில் ஜப்பானியருக்கு இடமில்லை என்று அட்டை தொங்கியது. திரும்பி வந்த சில குடும்பங்களுக்கு வெள்ளைக்கார அண்டைவீட்டார்தான் மளிகைச் சாமான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

கூடவே நின்றவர்களும் உண்டு. மெத்தடிஸ்ட் சபைப் போதகர் ஷெர்மன் பர்கோயின் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார், ஒத்த மனசுள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டார். ஊரில் அவருக்குக் கிடைத்த மரியாதை குறைவு, பகைதான் அதிகம்.

நீங்கள் சொல்லும் 12 வயதுப் பெண்ணின் சக ஆட்டக்காரிகளுடைய அப்பா அம்மா பெயர்களும் அந்த விளம்பரத்தில் இருந்திருக்கும். சின்ன ஊர் என்றால் அப்படித்தான். பந்து எறிகிற கை யாருடைய மகளின் கை என்று அவளுக்குத் தெரியும்.

நெல்லிக்காய்:

ஒரு சந்தேகம். பல வருடம் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களாக இருந்தவர்கள்தானே? ஒரே நாளில் இவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வந்தது?

கரிசல்காடு:

ஒரே நாளில் வரவில்லை. நிலம்தான் வேர். ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறைக்கு அமெரிக்கக் குடியுரிமை பெறவே வழி கிடையாது, 1952 வரைக்கும். குடியுரிமை பெற முடியாதவர்கள் நிலம் வாங்கக் கூடாது என்று ஓரிகனில் 1923-இல் சட்டம் போட்டார்கள். அதனால் அங்கே பிறந்த பிள்ளைகள் பெயரில் நிலத்தை எழுதிவைத்தார்கள். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, ஸ்ட்ராபெரியும் ஆப்பிளும் போட்டு அவர்கள் முன்னேறியபோது பொறாமையும் கூடவே வளர்ந்தது. போர் அதற்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தது, அவ்வளவுதான்.

1945-இல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். பிள்ளை பெயரில் இருக்கும் நிலத்தில் அப்பா உழைத்து வாழ்வதே குற்றம் என்கிற அளவுக்கு. ஓரிகன் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொன்னது 1949-இல். டீச்சர் சொல்லும் அதே வருடம்! அந்தச் சிறுமி மைதானத்தில் நிற்கிற வயதில், அவள் அப்பா தன் தோட்டத்தில் நிற்கலாமா கூடாதா என்று நீதிமன்றத்தில் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சுண்ணாம்புக்கோடு:

முகாமுக்குள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் மன்சனார் முகாம். 10,000 பேருக்கு மேல் அடைத்துவைத்திருந்தார்கள். மரப்பலகையில் தார்க் காகிதம் அடித்த வரிசை வீடுகள், 36 பிளாக். தீ பரவாமல் இருக்க பிளாக்குகளுக்கு நடுவே விட்டிருந்த வெற்றிடங்களில்தான் மைதானங்கள். சாஃப்ட்பாலுக்கு பேஸ்களுக்கு (ஓடித் தொட வேண்டிய இடங்களுக்கு) இடையே 60 அடி போதும், பேஸ்பாலுக்கு 90 அடி வேண்டும். ஆக, இருக்கிற இடத்துக்கு ஏற்ற ஆட்டம். காற்றடித்தால் புழுதியில் எதிரே இருக்கும் ஆள் தெரியாது. அங்கே ஆடிய பெண்கள் அணி ஒன்றின் பெயரே டஸ்ட்டி சிக்ஸ், அதாவது புழுதிக் குஞ்சுகள். காவல் கோபுரத்தில் துப்பாக்கியோடு சிப்பாய், கீழே பெண்கள் பேஸ் பேஸாக ஓடுகிறார்கள்.

அரிசோனாவில் ஹீலா ரிவர் முகாமில் கெனிச்சி செனிமுரா என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் பாலைவனத்தைச் சீர்செய்து மைதானமே கட்டினார். வேலிக் கம்பங்களை எடுத்துவந்து உட்காரும் வரிசை போட்டார், எல்லைக்கு ஆமணக்குச் செடி நட்டார். 1945 ஏப்ரல் 18 அன்று டூசான் நகரத்து உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் அங்கே வந்து ஆடினார்கள். அவர்கள் மாநிலத்திலேயே முதல்தர அணி. 10 இன்னிங்ஸ் போய் 11-10 என்று முகாம் பையன்கள் ஜெயித்தார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே இது! வெளியூர்ப் பையன்கள் வேலிக்குள் வந்து ஆடிவிட்டுப் போனார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. விளையாட்டு ஒன்றாக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மைதானம்:

அந்தப் பையன்களை நானும் மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது ஒரு நாள் ஆட்டம். ஆடினார்கள், கைகுலுக்கினார்கள், பஸ் ஏறிப் போனார்கள். நான் கேட்பது ஒரே ஊரில், ஒரே அணியில், வாரம் முழுக்கப் பழகுகிறவர்களைப் பற்றி.

பயிற்சி எப்படி ஆரம்பிக்கும் என்று சொல்கிறேன், ஆடாதவர்களுக்கும் புரியும். முதலில் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து எதிரெதிரே நின்று பந்து எறிந்து பிடிக்க வேண்டும். நான் எதுவும் சொல்ல மாட்டேன், பிள்ளைகளே ஜோடி சேர்ந்துகொள்வார்கள். அணிக்கு 9 பேர். நாலு ஜோடி போக ஒருத்தி மிஞ்சுவாள். யார் மிஞ்சுகிறாள் என்று பார்த்தாலே வகுப்பில் என்ன நடக்கிறது, தெருவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். அவள் கீழே குனிந்து ஷூ லேஸைக் கட்டுவாள். கட்டி முடித்த லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாள்.

ஜோடி கிடைத்தாலும் எறிகிற விதம் இருக்கிறது. நெஞ்சுக்கு நேராக, பிடிக்கத் தோதாக எறியலாம். பத்தடி தள்ளி நின்று முழு பலத்தோடு கிளவுஸுக்குள் உள்ளங்கை எரியும்படியும் எறியலாம். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். விதியை மீறவில்லை, யாரும் விசில் ஊத முடியாது. பிடிக்கிறவளுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

1949 ஓரிகனில் அந்தப் பெண்ணுக்கு வந்த பந்துகளை நான் இப்படித்தான் யோசிக்கிறேன். ஆட்டத்துக்குள்ளேயே வெறுப்பு ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. அதனால்தான் ஆட்டமே எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று நான் நம்புவதில்லை. பக்கத்தில் நிற்கிற பெரியவர் கண் திறந்து பார்க்க வேண்டும்.

பினாங்குக்காரி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். எல்லாரும் முகாமிலிருந்து வந்த பெண்ணுக்காகப் பேசுகிறீர்கள், சரி. அப்பாவைப் பறிகொடுத்த பெண்ணுக்காக நான் கொஞ்சம் பேசலாமா?

எங்கள் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 1942-43, சயாம் மரண ரயில், 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து போன பல்லாயிரக்கணக்கான தமிழர்களில் எத்தனையோ பேர் காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தார்கள். தாத்தா திரும்பி வரவில்லை. பாட்டி சாகும்வரைக்கும் ஜப்பான் பொருள் எதையும் வீட்டுக்குள் விடவில்லை. டிவியில் ஜப்பான்காரர் முகம் தெரிந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். யாராவது "பாட்டி, இந்தக் காலத்து ஜப்பான்காரர் என்ன பண்ணினார்?" என்று கேட்டால் பதிலே வராது.

அந்தப் பாட்டியை இனவெறி பிடித்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 12 வயதில் அப்பா இல்லாத பெண்ணையும் அப்படித்தான் பார்க்கிறேன். அவளுக்கு அழ ஒரு கல்லறைகூட இருந்திருக்காது. பேர்ல் ஹார்பரில் மூழ்கிய அரிசோனா கப்பலில் மட்டும் 1,177 பேர் செத்தார்கள், பெரும்பாலானவர்களின் உடல் இன்னும் தண்ணீருக்கடியில்தான். அவளிடம் போய் "மறந்துவிடு, சேர்ந்து விளையாடு" என்பது சுலபம்.

கரிசல்காடு:

அம்மா, உங்கள் பாட்டியின் துக்கத்துக்கு முன்னால் நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்குத் தகுதியும் கிடையாது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போனார். எந்த ஜப்பானியக் குழந்தையின் தோட்டத்தையும் பிடுங்கவில்லை, பெயரை அழிக்கவில்லை. ஓரிகன் சிறுமிக்கு அவள் துக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று ஊரே கைகாட்டிக் கொடுத்தது. அரசாங்கமே தோலையும் முகத்தையும் பார்த்து ஆளைப் பிடித்தபோது, 12 வயதுப் பிள்ளை மட்டும் எப்படிப் பிரித்துப் பார்ப்பாள்?

அந்த ஊர் மசுவோ யசூயியை எடுத்துக்கொள்ளுங்கள். கடை வைத்திருந்தார், தோட்டங்கள் இருந்தன, ஊரில் மதிப்பான மனிதர். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த சில நாளிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணையில் அவர் வீட்டிலிருந்து எடுத்த படங்களை மேசையில் வைத்து, இது என்ன என்று கேட்டார்கள். பனாமா கால்வாய் வேலை செய்யும் விதத்தைப் பள்ளிக்கூடத்துக்காகக் குழந்தைகள் வரைந்த படம். கால்வாயை நீ வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிடவில்லை என்று நிரூபி என்றார்கள். ஒரு குழந்தையின் வீட்டுப்பாடம் அப்பாவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அவர் மகன் மினோரு யசூயி வழக்கறிஞர். ஜப்பானிய வம்சாவளியினருக்கு மட்டும் போட்ட இரவு ஊரடங்கை எதிர்த்து, 1942 மார்ச் 28 அன்று போர்ட்லண்ட் தெருக்களில் வேண்டுமென்றே நடந்தார். யாரும் பிடிக்காததால் காவல் நிலையத்துக்குத் தானே போய், என்னைக் கைது செய்யுங்கள் என்றார். 9 மாதம் தனிமைச் சிறை.

நெல்லிக்காய்:

படிக்கப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளுக்குப் பெரிய மனசு. சண்டை போட்ட சாயங்காலமே சேர்ந்து விளையாடுவார்கள். பெரியவர்கள் தலையிடாமல் விட்டால் அந்த இரண்டு பெண்களும் தாங்களாகவே மன்னித்துக்கொள்வார்களே?

ஸ்காபரோ மயூரன்:

கனடாவிலிருந்து எழுதுகிறேன். நெல்லிக்காய், நீங்கள் சொல்வது சில்லறைச் சண்டைக்குச் சரி.

இங்கேயும் அதே காலத்தில் அதே வேலை நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலிருந்து சுமார் 22,000 ஜப்பானியக் கனடியரை அப்புறப்படுத்தினார்கள். அமெரிக்காவில் பலருக்குத் திரும்பிப் போகத் தோட்டமாவது மிஞ்சியது. இங்கே வீடு, மீன்பிடி படகு, கடை எல்லாவற்றையும் அரசாங்கமே விற்றுவிட்டது. போர் முடிந்தும் கரைப்பக்கம் போக விடவில்லை. 1949 ஏப்ரல் 1 அன்றுதான் தடை நீங்கியது. வன்கூவரில் அசாஹி என்று ஒரு புகழ்பெற்ற பேஸ்பால் அணி இருந்தது, 1914-இல் தொடங்கியது. 1941-க்குப் பிறகு அந்த அணி திரும்பக் கூடவே இல்லை. ஆட்டக்காரர்கள் உயிரோடு இருந்தார்கள், சேர்ந்து ஆட ஓர் ஊர் இல்லை. பெரியவர்கள் தலையிடாமல் விட்டால் சரியாகும் என்கிறீர்கள். பெரியவர்கள் தலையிட்டுக் கெடுத்ததை யார் சரிசெய்வது?

எங்கட சனத்துக்கும் இந்த "மறந்துவிடு" என்ற சொல் நன்றாகத் தெரியும். அதைச் சொல்பவர் யார் என்பதுதான் முக்கியம். வேலிக்கு வெளியே இருந்தவர் வேலிக்குள் இருந்தவரைப் பார்த்துச் சொன்னால் அது மன்னிப்பில்லை, வாயை மூடு என்பதன் மரியாதையான வடிவம்.

சுண்ணாம்புக்கோடு:

மயூரன், உண்மைதான். நம் நாட்டிலும் 1962 சீனப் போரின்போது சீன வம்சாவளி இந்தியர்கள் சுமார் 3,000 பேரை ராஜஸ்தான் தேவ்லி முகாமில் அடைத்தோம். குழந்தைகளும் அதில் உண்டு. பலர் திரும்பி வந்தபோது வீடும் கடையும் கைமாறியிருந்தன. அதைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

மைதானம்:

மயூரன் தம்பி சொன்னதிலிருந்து எனக்கு ஒன்று பிடிபடுகிறது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையில் நின்று கைகொடுப்பார்கள். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். நல்ல வழக்கம்தான், நானும் செய்ய வைக்கிறேன். ஆனால் பெரிதாக ஏதோ நடந்த பிறகு, ஒருத்தி இன்னொருத்தியைக் காயப்படுத்திய பிறகு, அந்த வரிசையை வைத்து ஒப்பேற்றுகிற பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். "கை கொடு, சாரி சொல்லு, நீ பரவாயில்லை என்று சொல்லு, போங்க." காயம்பட்டவள் "பரவாயில்லை" என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவள்தான் அகம்பாவக்காரி. அடி வாங்கியதும் அவள், அதை ஆற்றிவைக்கும் பொறுப்பும் அவளுக்கே.

முகாமிலிருந்து வந்த பெண்ணுக்கு இது இன்னும் கொடுமை. அவள் கோபப்பட்டால் "பார்த்தாயா, இவர்களே இப்படித்தான்" என்று ஊர் சொல்லும். அதனால் சிரித்துக்கொண்டே இருப்பாள். வீட்டிலும் அதையே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: தலை குனிந்து போ, நன்றாகப் படி, நன்றாக ஆடு, பேச்சுக் கொடுக்காதே. அந்தச் சிரிப்பை மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டு ஊர் நிம்மதியாகத் தூங்கும்.

பினாங்கு அக்கா சொன்ன பெண்ணுக்கும் இதில் நியாயம் கிடைக்கவில்லை. அவள் துக்கத்தை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. அவளையும் "சேர்ந்து விளையாடு" என்று தள்ளிவிட்டார்கள். பெயர்ப் பட்டியலை அழித்தவர்கள், விளம்பரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், அட்டை தொங்கவிட்டவர்கள் எல்லாரும் பெரியவர்கள். அவர்கள் தீர்க்க வேண்டிய கணக்கை இரண்டு சிறுமிகள் தலையில் கட்டிவிட்டு, அவர்கள் கைகொடுத்தால் அழகான காட்சி என்று கைதட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பினாங்குக்காரி:

டீச்சர், "உட்கார்ந்து கேட்கவில்லை" என்றீர்களே, அது பாட்டிக்கும் பொருந்தும். தாத்தாவின் பெயர் எந்தக் கல்லிலும் கிடையாது. யாராவது ஒருவர் வந்து "உங்கள் வீட்டுக்காரருக்கு நாங்கள் செய்தது தப்பு" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாரோ என்னவோ. கேட்கவே இல்லாத மன்னிப்பை எப்படிக் கொடுப்பது?

நெல்லிக்காய்:

அக்கா, டீச்சர், நீங்கள் சொன்னது புரிகிறது. சரி, அமெரிக்காவில் கடைசியில் யாராவது கேட்டார்களா?

கரிசல்காடு:

கேட்டார்கள், 46 வருடம் கழித்து. 1988 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தில் அரசாங்கம் முறையாக மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர். இனத் தப்பெண்ணம், போர் வெறி, தலைமையின் தோல்வி, இவைதான் காரணங்கள் என்று விசாரணைக் குழு அதற்கு முன்பே எழுதிவைத்திருந்தது. கனடாவும் அதே வருடம் செப்டம்பர் 22 அன்று மன்னிப்புக் கேட்டு 21,000 கனடிய டாலர் கொடுத்தது.

முதல் காசோலைகளை 1990 அக்டோபரில் வாஷிங்டனில் கொடுத்தார்கள், வயதில் மூத்தவர்களுக்கு முதலில். ஒருவருக்கு 107 வயது. சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு முன்னால் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) முழங்காலிட்டு அமர்ந்து கொடுத்தார். தனியாக அவர் எந்தத் தப்பும் செய்தவர் கிடையாது. அந்தப் பதவி செய்த தப்புக்காக அந்தப் பதவியே மண்டியிட்டது. இதைத்தான் நான் பெரியவர்கள் வேலை என்பேன்.

ஆனால் சட்டம் கையெழுத்தான நாளில் உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். மசுவோ யசூயி ஹூட் ரிவரில் திரும்பக் குடியேறவே இல்லை, 1957-இல் தற்கொலை செய்துகொண்டார். மினோரு 1986-இல் இறந்தார். 2015-இல்தான் அவருக்கு நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதான அதிபர் பதக்கத்தைக் கொடுத்தார்கள்.

சுண்ணாம்புக்கோடு:

அந்த 12 வயதுப் பெண்ணுக்கு 1990-இல் 53. முறை வந்தபோது மன்னிப்புக் கடிதம் கையில் கிடைத்திருக்கும். அப்பாவைப் பறிகொடுத்தவளுக்கும் அதே 53. அவள் அதைச் செய்தித்தாளில் படித்திருப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்களா?

பினாங்குக்காரி:

பேசியிருந்தால் சந்தோஷம். பேசாவிட்டாலும் இரண்டு பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

மைதானம்:

நானும் மாட்டேன். கரிசல்காடு சார், அந்த 16 பேரின் பட்டியல் பற்றித் தமிழில் நீங்களே ஒரு தனி இழை ஆரம்பியுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட எனக்கு வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.